கலம் கரையும் விளக்கு

எடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாண்டி ஹூக் போய்விடலாம். கோடையில் குழந்தைகளோடு கடலில் குளிக்கப் போயிருப்பீர்கள். அங்கே நிற்கும் வெள்ளை எண்கோணக் கோபுரம்தான் அமெரிக்காவில் இன்றும் எரிகிற கலங்கரை விளக்கங்களில் மிகப் பழையது.

நியூயார்க் துறைமுகத்தின் வாசலில் மணல் திட்டில் மோதிக் கப்பல்கள் உடைந்தன. நஷ்டப்பட்ட வணிகர்கள் கலங்கரை விளக்கம் கேட்டார்கள். லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். 1764 ஜூன் 11 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. அப்போது முனையிலிருந்து சுமார் 500 அடியில் இருந்தது. அலை மணலைக் குவித்துக் குவித்து, இன்று முனை ஒன்றரை மைல் தள்ளிப் போய்விட்டது. 1857-ல் ஃபிரெனெல் லென்ஸ் வந்தது. நாலாபுறமும் சிதறும் ஒளியை அடுக்கடுக்கான கண்ணாடிப் பட்டகங்கள் வளைத்து, அடிவானத்தை நோக்கி அனுப்பும். சிறிய சுடர் பல மைலுக்குத் தெரிவது இதனால்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1776-ஐப் பற்றி. பிரிட்டிஷ் கப்பற்படை வருகிறது என்றதும், விடுதலைப் போராட்டக்காரர்களே விளக்கைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பிரிட்டிஷார் கோபுரத்தைப் பிடித்து மறுபடி ஏற்றினார்கள். அந்த ஜூனில் இவர்கள் பீரங்கியால் சுட்டும் சுவர் அசையவில்லை. தங்கள் கப்பல்களைக் காக்கக் கட்டிய விளக்கு, எதிரிக்கும் அதே வழியைத்தான் காட்டியது.

நம் சென்னையிலும் இது நடந்தது. 1796-ல் கோட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில் தொடங்கி, 1844-ல் தனித் தூணுக்கு மாறிய விளக்கு, 1894-ல் உயர் நீதிமன்றக் கோபுர உச்சிக்கு ஏறியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் வந்தபோது, போர்க்காலம் என்பதையே மறந்ததுபோல் ஊர் வெளிச்சமாக இருந்தது. விளக்கும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின.

கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல். கலங்களைக் கரைந்து அழைப்பது கலங்கரை விளக்கம். பெரும்பாணாற்றுப்படை காலத்திலிருந்தே நம்மிடம் அந்த விளக்கு உண்டு. யாருடைய கலம் என்று அந்தப் பெயர் கேட்கவில்லை. கேட்டவர்கள், விளக்கை அணைக்க வேண்டியிருந்தது. அணைத்தால் நம் கலமும் திட்டில் மோதும்.

அடுத்த முறை சாண்டி ஹூக் போனால், குளித்து முடித்ததும் அந்தக் கோபுரம் வரை நடந்து பாருங்கள்.