திரையும் விளக்கும்

மூத்த அங்கத்தினரின் பழைய நிழற்படங்களையும், சென்ற விழாக்களின் சலனப் படங்களையும் இவ்வாண்டு திரையில் காட்டுவதென நம் சங்கம் முடிவு செய்தவுடன், எக்கருவியை நம்புவது என்ற வினாவும் உடன் எழுந்தது. இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று.

1659இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மாய விளக்கிற்குரிய சித்திரங்களை வரைந்து வைத்தார். விளக்கு, கண்ணாடியில் தீட்டிய படம், வில்லை ஆகிய மூன்றே அதன் இன்றியமையா உறுப்புகள். பழுதுபடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. குறையெல்லாம் ஒளியில்தான். எண்ணெய் விளக்கு பெருங்கூட்டத்திற்குப் போதவில்லை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களின் சுடரில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சி வெண்ணொளி பெற்றனர். ஒளி பெருகியது, அபாயமும் பெருகிற்று.

நாம் வாழும் மும்பைக்கு அண்மையிலுள்ள கல்யாண் நகரில், பட்வர்தன் குடும்பத்தார் 1890களில் கண்ணாடித் தகடுகளில் கையால் வண்ணம் தீட்டி, 'ஷாம்பரிக் கரோலிகா' என்னும் பெயரில் மாய விளக்குக் காட்சிகள் நடத்தினர். 1896 ஜூலை 7ஆம் நாள் இந்நகரின் வாட்ஸன் ஹோட்டலில் லூமியேர் சகோதரரின் சலனப் படம் திரையேறியது.

மறு ஆண்டே, 1897 மே 4ஆம் நாள், பாரிஸில் அறக்கொடைக்கென நடந்த சந்தையொன்றில் படக்கருவியின் ஈத்தர் விளக்கை நிரப்புகையில் தீக்குச்சி கிழிக்கப்பட, ஆவி பற்றிக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நற்பணிக்கு வந்தவர்கள் அவர்கள். திரையின் வரலாற்றில் இதனினும் கொடிய பாடம் அரிது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் வழக்கொழிய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று என்பது வியப்பே.

நம்மவர் ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் படங்காட்டினார். அரங்கமும் திரையும் ஆயத்தமாயிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேண்டியவற்றைத் தம்முடனே கொண்டு சென்றார். வெளியூர்களில் விழா நடத்தும் சங்கத்தார்க்கு இவரே சரியான முன்னோடி என்பது நம் கருத்து.

1961இல் வந்த கோடக் கேரவுசல், சிலைடுகளை வட்டத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தன் எடையாலேயே கீழிறங்கச் செய்தது. தள்ளிச் செருகும் வேலை குறைந்தமையால் சிக்கலும் குறைந்தது. 2004 வரை அது உற்பத்தியாயிற்று. சலனப் படத்திற்கு மட்டும் வேறு கருவி வேண்டியிருந்தது. 1987இல் பவர்பாயிண்ட் வெளிவந்தது. பின்னாளில் படமும் ஓசையும் சலனமும் ஒரே கணினியில் கூடின. அத்துடன் புதுத்தொல்லையும் சேர்ந்தது. ஒரு கணினியில் அழகாக நின்ற தமிழெழுத்து, அவ்வெழுத்துரு இல்லாத மற்றொன்றில் வெறுங்கட்டங்களாய் விழும். படம் நின்றுபோன இடைவேளையை நிரப்பப் பேச்சாளர் எழுந்துவிட்டால் அவரை அமர்த்துவதும் எளிதன்று!

ஆகவே நம் குழுவினர் படங்களை எழுத்துருவுடன் பி.டி.எஃப். கோப்பாக்கி, சலனப் படங்களைத் தனிக் கோப்புகளாக வைத்துள்ளனர். இணையத்தை நம்பாது, இரண்டையும் கணினியிலும் பென் டிரைவிலும் சேமித்தாயிற்று. விழா நாளுக்கு முதல் மாலை, அதே அரங்கில் அதே புரொஜெக்டரில் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பர்.