திண்டுக்கல் புற்றுநோய் ஆய்வு: 30,958 பெண்களுக்கு ஏன் பரிசோதனை செய்யவில்லை? சர்ச்சை என்ன?

வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை வைத்தே கர்ப்பப்பை வாய் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இதனால் உயிரிழப்பு குறையும் என்று காட்டிய முக்கியமான ஆய்வு நடந்தது நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில்தான். அதே ஆய்வு பிறகு அறநெறி சர்ச்சையிலும் சிக்கியது. ஏன்?

ஆய்வு எப்படி நடந்தது?

2000-ல் தொடங்கிய ஆய்வு இது. மாவட்டத்தில் 114 தொகுப்புகள் தேர்வு செய்யப்பட்டு, குலுக்கல் போல இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுப்புகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதிக்க முன்வந்தார்கள். அங்கிருந்த 49,311 பேரில் 31,343 பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். மற்ற 57 தொகுப்புகளில் இருந்த 30,958 பேருக்கு வழக்கமான சிகிச்சை வசதி மட்டுமே.

முடிவு என்ன?

2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை வழங்கப்பட்ட பிரிவில் புதிதாக நோய் வருவது 25%, இறப்பு 35% குறைவு. 2006 வரை அந்தப் பிரிவில் 83 பேரும், எண்ணிக்கையில் சிறிய மற்ற பிரிவில் 92 பேரும் இந்தப் புற்றுநோயால் இறந்தனர்.

சர்ச்சை எங்கே?

பரிசோதனை செய்தால் உயிர் பிழைக்கும் என்பது பாப் ஸ்மியர் மூலம் ஏற்கெனவே தெரிந்ததுதானே, பிறகு ஏன் ஒரு பிரிவை அப்படியே விட்டார்கள்? திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் இந்திய மருத்துவ அறநெறி இதழில் விமர்சகர்கள் எழுப்பிய கேள்வி இது.

ஆய்வாளர்கள் தரப்பு வாதம் வேறு. அப்போது நாட்டில் பரவலான பரிசோதனைத் திட்டமே கிடையாது. பாப் ஸ்மியருக்கு ஆய்வகமும் நிபுணர்களும் வேண்டும். குறைந்த செலவு முறை பலன் தருமா என்று தெரிய ஒப்பீடு அவசியம் என்றார்கள்.

ஒன்றைக் கவனிக்கணும். இரு பிரிவின் இறப்புக் கணக்கும் வெளிப்படையாக வெளியிடப்பட்டதால்தான் இந்தக் கேள்வியையே மற்றவர்களால் கேட்க முடிந்தது.

இப்போது விதி என்ன?

* ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, அறநெறிக் குழு ஒப்புதல் தந்த பிறகே ஆய்வைத் தொடங்க முடியும்.
* மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளை சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்யணும். 2007-ல் தொடங்கிய இதை ஆன்லைனில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.
* ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கணும்.

உங்களை ஆய்வுக்கு அழைத்தால் என்ன கேட்கணும்?

“நான் எந்தப் பிரிவில் இருப்பேன்? எனக்கு என்ன கிடைக்காது? பாதிப்பு வந்தால் செலவு யார் பொறுப்பு? பாதியில் விலகலாமா?” கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. படிவத்தின் நகலையும் வாங்கி வச்சுக்கோங்க.

30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இன்று தமிழக அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகச் செய்யப்படுகிறது.