வெளியே நிற்கும் இருவர்: அமெரிக்கத் தீயணைப்புச் சுவாச விதியின் மூலம் குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எரியும் கட்டடத்துக்குள் சுவாசக் கருவி அணிந்து நுழைவோர் குறைந்தது இருவராக இருக்க வேண்டும், அவர்களுக்கு உதவ ஆயத்தமாக வெளியே குறைந்தது இருவர் நிற்க வேண்டும் என்னும் விதி ‘இருவர் உள்ளே, இருவர் வெளியே’ என்ற பெயரில் வழங்குகிறது. ஓஷா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நல நிர்வாகம் 1998 ஜனவரி 8 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு ஏப்ரல் 8 முதல் செயலுக்குக் கொண்டுவந்த திருத்திய சுவாசப் பாதுகாப்பு விதியில் (பிரிவு 1910.134) இது இடம்பெற்றுள்ளது. 1998ஐ இதன் பிறந்த ஆண்டாகக் கொள்வது துறைசார் எழுத்துகளில் நிலைத்துவிட்ட வழக்கம். அந்த வழக்கம் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

வழக்கமான வாசிப்புக்கு வலுவான வடிவம் தந்தது, பன்னாட்டுத் தீயணைப்பு வீரர் சங்கமும் பன்னாட்டுத் தீயணைப்புத் தலைவர்கள் சங்கமும் திருத்தம் வெளிவந்ததை ஒட்டி இணைந்து வெளியிட்ட வினா-விடை ஏடு. தொழிற்சங்கமும் நிர்வாகத் தரப்பும் ஒரே குரலில் பேசிய அரிதான ஆவணம் என்பதால் அது விரைவில் பரவியது. விதியின் சொற்களை நடைமுறைக்கு உகந்தபடி விளக்குவதில் அதற்கு நிகரில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1971ஆம் ஆண்டின் சுவாசப் பாதுகாப்பு விதியை அது குறிப்பிடவே செய்கிறது. ஆனால் அதைப் பின்னணியாக வைத்துவிட்டு, உட்புறத் தீயணைப்புக்கு இப்போது புதிதாக என்ன தேவைப்படுகிறது என்பதன்மீதே அழுத்தத்தைப் போடுகிறது. இதனால் விதி தீயணைப்புத் துறைக்குள்ளேயே பிறந்து, தீயணைப்பு வீரரை மீட்பதற்காகவே வகுக்கப்பட்டது என்ற எண்ணம் வாசகரிடம் தங்கிவிடுகிறது. வெளியே நிற்கும் இருவர் ஒரு சிறு மீட்புக்குழு என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. இவ்விரண்டில் முதலாவது பாதி உண்மை என்பதும், இரண்டாவது விதியின் மூலத்தோடு பொருந்தாதது என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

முதற்கண் விதி அமைந்துள்ள இடத்தைக் கவனிக்கலாம். தீயணைப்புப் படைகளுக்கென்றே ஓஷா 1980இல் ஒரு தனிப்பிரிவை (1910.156) வகுத்தது. பயிற்சி, பாதுகாப்பு உடை, தலைக்கவசம், சுவாசக் கருவி ஆகியவற்றை விரிவாகப் பேசும் அப்பிரிவில் வெளியே இத்தனை பேர் நிற்க வேண்டும் என்ற எண்ணிக்கை இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்த எண்ணிக்கை எழுதப்பட்டபோதும் அது தீயணைப்புப் பிரிவுக்குள் செல்லவில்லை. சாயப்பட்டறை, இரசாயன ஆலை, கப்பல் தளம் என எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான சுவாசக் கருவிப் பிரிவுக்குள் ஓர் உட்பிரிவாகவே அமர்ந்தது. ஒரு விதி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அதன் உள்ளடக்கத்தைப் போலவே அது வைக்கப்பட்ட இடமும் சொல்லும்.

இனி 1971ஆம் ஆண்டின் வாசகத்துக்கு வரலாம். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 1969இல் வெளியிட்ட ‘இசட் 88.2’ என்னும் தரநிலையைப் பெரும்பாலும் அப்படியே எடுத்தாண்ட அந்த விதியில், அடுத்தடுத்து நிற்கும் இரு சிறு பத்திகள் உள்ளன. கருவி பழுதானால் அணிந்திருப்பவர் நச்சுக்காற்றாலோ உயிர்வளிக் குறைவாலோ மயங்கி விழக்கூடிய இடத்தில் கூடுதலாகக் குறைந்தது ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றும், பார்வை, குரல், சமிக்ஞைக் கயிறு ஆகியவற்றுள் ஒன்றால் தொடர்பு நீடிக்க வேண்டும் என்றும் முதற்பத்தி கூறுகிறது. தன்னகக் காற்றுக் கருவி, அதாவது முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து காற்றைத் தரும் கருவி, உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் சூழலில் பயன்படும்போது தகுந்த மீட்புச் சாதனங்களுடன் துணைநிற்கும் ஆட்கள் இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பத்தி. முதற்பத்தியில் ஆள் ஒருமை. அதற்குக் ‘குறைந்தது’ என்ற வரையறையும் உண்டு. இரண்டாம் பத்தியில் ஆட்கள் பன்மை, எண்ணிக்கை இல்லை. கருவி அணிந்த தீயணைப்பு வீரர் நுழையும் சூழல் இரண்டாம் பத்திக்குள் வருவது என்பதால், வெளியே நிற்போர் ஒருவருக்கு மேற்பட்டோர் என்ற கருத்து 1971லேயே எழுத்தில் இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான சான்று இருக்கிறது. அதைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. 1998இல் அதே நிர்வாகம் இந்தப் பத்திகளைத் திருத்தி எழுதியபோது, பொதுத் தொழில்களுக்கு வெளியே ஒருவர், தேவைப்பட்டால் ஒருவருக்கு மேல் என்று வகுத்தது. அதையடுத்த உட்பிரிவில், முந்தையதற்கு மேலதிகமாக, உட்புறத் தீயணைப்புக்கு மட்டும் குறைந்தது இருவர் என்றது. பழைய பன்மை இருவரைத்தான் குறித்தது என்றால், பொதுத் தொழில்களுக்கான பாதுகாப்பை நிர்வாகமே 1998இல் ஒருவராகக் குறைத்துவிட்டது என்றாகிறது. பன்மை எண்ணிக்கை எதையும் குறிக்காத பொதுவழக்கு என்றால், 1971ஐ மூலமாகக் காட்டும் வாதம் தளர்கிறது. ஆயினும் இரண்டு குறிப்புகள் முதல் முடிவின் பக்கமே சாய்கின்றன. ஒன்று, அடுத்தடுத்த இரு பத்திகளில் ஒரே ஆசிரியர்குழு ஒருமையையும் பன்மையையும் மாற்றி எழுதுவதற்கு இடர் மிகுந்த சூழலுக்குக் கூடுதல் ஆள் என்ற எண்ணமே எளிய விளக்கம். மற்றொன்று, 1995 மே 1 அன்று ஓஷா தன் வட்டார அலுவலர்களுக்கு அனுப்பிய விளக்கக் குறிப்பு. உட்புறத் தீயணைப்புக்கு உள்ளே இருவர், வெளியே இருவர் என நால்வர் வேண்டும் என்று அக்குறிப்பு முடிவு சொன்னபோது நடப்பில் இருந்தது பழைய 1971 விதியே. அதாவது திருத்தத்துக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, பழைய வாசகத்திலிருந்தே, நிர்வாகம் அந்த எண்ணிக்கையைப் பெற முடிந்தது. 1995ஆம் ஆண்டின் வாசிப்பு 1969ஆம் ஆண்டுத் தரநிலையை எழுதியவர்களின் கருத்தாகவும் இருந்ததா என்பது வேறு கேள்வி. வாசகம் மட்டும் அதைத் தீர்க்காது.

இடைப்பட்ட ஒரு கண்ணியையும் இங்கே சுட்டலாம். அபாயக் கழிவு, இரசாயனக் கசிவு ஆகியவற்றில் பணியாற்றும் அவசரகாலப் பணியாளர்களுக்காக 1989 மார்ச்சில் வெளிவந்த விதியில், அபாயப் பகுதிக்குள் இணைகளாகவே செல்ல வேண்டும் என்பதும், சாதனங்களுடன் பின்துணை ஆட்கள் நிற்க வேண்டும் என்பதும் இருந்தன. அங்கும் பின்துணைக்கு எண் தரப்படவில்லை.

துணைநிற்போர் என்ற ஏற்பாட்டின் வேரை இன்னும் பின்னே தேடினால் சுரங்கத்துக்குச் செல்ல நேர்கிறது. 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜினியாவின் மோனோங்கா நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் அதிகாரபூர்வக் கணக்கின்படி 362 பேர் இறந்ததும், தொடர்ந்த விபத்துகளும் 1910இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகம் அமையக் காரணமாயின. 1916 ஜூலையில் கிளீவ்லாந்தில் ஈரி ஏரியின் அடியில் தோண்டப்பட்ட நீர்ச்சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில், உரிய சுவாசக் காப்பின்றி உள்ளே போன மீட்புக்குழுவினரும் மாண்டனர்; பின்னரே காரட் மார்கன் தாம் வடிவமைத்த புகைமுகமூடியுடன் இறங்கினார். சுரங்கப் பணியகம் 1919இல் தன்னகச் சுவாசக் கருவிகளைச் சோதித்து ஒப்புதல் தரும் முறையை ஏற்படுத்தி, 1920 ஜனவரியில் கிப்ஸ் கருவிக்கு முதல் ஒப்புதல் அளித்தது. சுரங்க மீட்பில் ஒரு குழு உள்ளே செல்லும்போது, நல்ல காற்றுள்ள கடைசி இடத்தில் தளம் அமைத்து இன்னொரு குழு கருவிகளுடன் காத்திருப்பது நிலைபெற்ற முறை. 1971 விதியும் கருவிகளுக்கு ஒப்புதல் தரும் அமைப்பாகச் சுரங்கப் பணியகத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. எனவே கருவியோடு சேர்ந்து அதன் காவல்முறையும் சுரங்கத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்கும் வந்திருக்கக்கூடும். இது ஏற்பாடுகளின் ஒற்றுமையிலிருந்து பெறும் ஊகமே. நேரடி எழுத்துச் சான்றுக்கு நிகராக அதை வைக்க இயலாது. ஆனால் தீயணைப்புப் பிரிவில் எண் இல்லாததையும் சுவாசப் பிரிவில் எண் இருப்பதையும் சேர்த்து விளக்கக்கூடிய வேறு ஊகம் எதுவும் இதைவிடப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

இந்த வரிசை ஏற்கப்பட்டால், 1998 உட்பிரிவின் முடிவிலுள்ள இரண்டு குறிப்புகள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. வெளியே நிற்கும் இருவரில் ஒருவருக்கு, அவர் உதவவோ மீட்கவோ செல்வதால் வேறு எவருக்கும் ஆபத்து நேராத அளவில், களத் தலைமை போன்ற வேறு பொறுப்பும் தரலாம் என்பது முதற்குறிப்பு. மீட்புக்குழுவின் பாதிப்பேர் வேறு வேலையில் இருக்கலாம் என்பது விந்தை. கருவியணிந்தவரைக் கண்காணிக்கும் காவலில் அது இயல்பு. முழுக்குழு சேர்வதற்கு முன்னர் அவசர மீட்புப் பணியில் ஈடுபடுவதை இப்பிரிவு தடுக்கவில்லை என்பது இரண்டாம் குறிப்பு. இங்கேதான் வினா-விடை ஏட்டோடு கருத்து வேறுபாடு கூர்மையாகிறது. உயிராபத்து இருப்பது தெரிந்து, உடனடிச் செயலால் அதைத் தடுக்கக்கூடிய நிலையில் மட்டுமே விலகல் கூடும் என்றும், அதுவும் துறையின் திட்டத்துக்கு ஒரு விதிவிலக்காகவே அமைய வேண்டும் என்றும் ஏடு கூறுகிறது. தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1500ஆம் தரநிலையும் (முதற்பதிப்பு 1987) தன் பிற்காலப் பதிப்புகளில் உடனடி உயிராபத்து என்ற நிபந்தனையை வைக்கிறது. விதியின் குறிப்பிலோ ‘தெரிந்த’ என்பதும் இல்லை, ‘உடனடி’ என்பதும் இல்லை. நிபந்தனைகளைச் சேர்த்தது நடைமுறைக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அவற்றை விதியின் சொல்லாகவே காட்டுவது உரையை மூலத்தின்மேல் ஏற்றுவதாகும்.

1999 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரக் குளிர்பதனக் கிடங்கில் நடந்தது இந்த வேறுபாட்டின் எடையைக் காட்டுகிறது. வீடற்றோர் உள்ளே இருக்கலாம் என்ற தகவலால் தேடச் சென்ற இருவர் சன்னலற்ற அக்கட்டடத்தில் வழி தவறினர். அவர்களைத் தேடிப்போன நால்வரும் திரும்பவில்லை. உள்ளே இருந்ததாகக் கருதப்பட்டோர் முன்னரே வெளியேறியிருந்தனர். ‘தெரிந்த’ உயிராபத்து என்பதை அந்த இரவில் எவர் எப்படி முடிவுசெய்வது என்பதற்கு ஏட்டின் நிபந்தனை விடை தராது. 2001 மார்ச்சில் பீனிக்ஸ் நகரப் பேரங்காடித் தீயில் ஒரு வீரர் இறந்த பின் அந்நகரத் துறை நடத்திய சோதனைகள் மற்றொன்றைக் காட்டின: பெரிய கட்டடத்துக்குள் விழுந்த ஒரு வீரரை வெளியே கொண்டுவர ஏறத்தாழ 12 பேரும் 21 நிமிடங்களும் தேவைப்பட்டன. கயிற்றின் மறுமுனையில் இருப்பவரை இழுப்பதற்குப் போதுமான இருவர் என்ற எண், கிடங்கின் ஆழத்தில் தொலைந்தவருக்குப் போதாமல் போனதற்குக் காரணம் விதியை எழுதியவர்களின் கஞ்சத்தனம் அன்று; அந்த எண் வேறோர் இடத்துக்காக உருவானது.

விதியின் எல்லையும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, உள்ளாட்சி நிர்வாகங்களை வேலையளிப்போர் என்ற வரையறையிலிருந்து விலக்கியதால், தமக்கென ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் வைத்துள்ள ஏறத்தாழப் பாதி மாநிலங்களில் மட்டுமே நகராட்சித் தீயணைப்பு வீரரை இது சட்டப்படி எட்டுகிறது. வூஸ்டர் தீ நிகழ்ந்தபோது மாசசூசெட்ஸ் அவற்றுள் ஒன்றன்று. 1980ஆம் ஆண்டின் தீயணைப்புப் பிரிவை நீக்கி, மருத்துவ அவசரப் பணியாளரையும் மீட்புப் பணியாளரையும் உள்ளடக்கும் புதிய ‘அவசரகாலச் செயற்பாடு’ விதியை ஓஷா 2024 பிப்ரவரி 5 அன்று முன்மொழிந்தது. தீயணைப்புக்கான எண்ணிக்கையை ஒரு சுவாசக் கருவி விதியே தொடர்ந்து சுமக்க வேண்டுமா என்ற வினா அந்த முன்மொழிவோடு மீண்டும் திறந்திருக்கிறது.