முன்பணத்திலிருந்து பயிற்சிச் செலவு வரை: பணிவிலகியோரிடம் பணம் கோரும் உரிமையின் வரலாறு (1859–2025)

ஆய்வுச்சுருக்கம்

வேலையை விட்டு விலகிய பணியாளரிடம், பயிற்சிக்குச் செலவிட்ட தொகையைத் திருப்பித் தருமாறு முன்னாள் நிறுவனம் கோருவது இன்று பரவலான வழக்கமாகும். இக்கோரிக்கை தகவல்தொழில்நுட்பக் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் தொடங்கி 2025ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை அது கடந்துவந்த நிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. தொகையை நிர்ணயிப்பவர் யார், செலவை மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்னும் இரு வினாக்கள் ஆய்வுக்கு அடிப்படையாகின்றன.

திறவுச்சொற்கள்: முன்பணம், துண்டு முறை, பணிப்பிணை, பயிற்சிச் செலவு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74

முன்னுரை

படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் பணியில் சேரும் நாளில் முத்திரைத்தாளில் கையொப்பமிடுகிறார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் குறிப்பிட்ட தொகையைச் செலுத்துவதாக அதில் எழுதப்பட்டிருக்கும். வழக்கில் இது 'பாண்டு' எனப்படுகிறது. இக்கட்டுரை இதனைப் பணிப்பிணை எனக் குறிக்கிறது. உரிய காலத்துக்கு முன் அவர் விலகினால் வழக்கறிஞர் அறிவிப்பு வருகிறது. சில இடங்களில் மூலச் சான்றிதழ்களும் பணிவிடுப்புக் கடிதமும் நிறுத்திவைக்கப்படுகின்றன. கோரிக்கை சட்டப்படி நிற்குமா என்று ஆராயாமல், அடுத்த வேலை கைநழுவுமோ என்னும் அச்சத்தால் பணத்தைக் கட்டுவோர் உண்டு. சட்டம் இச்சிக்கலை எவ்வாறு அணுகிவந்துள்ளது என்பதை வரலாற்று நோக்கில் காண்பது இதனால் தேவையாகிறது.

முன்பணமும் சிறையும்

1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யாத கைவினைஞர், வேலையாள், கூலி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்க வகைசெய்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாநகரங்களை முன்வைத்து இயற்றப்பட்ட இச்சட்டம் பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தத்தக்கதாக இருந்தது. முன்பணத்தைத் திருப்பித் தரவோ, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யவோ நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். இவ்விரண்டில் எதைக் கேட்பது என்னும் தெரிவு முதலாளியிடம் இருந்தது. ஆணைக்குப் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம்.

அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 492ஆம் பிரிவு இன்றைய கோரிக்கைக்கு மேலும் நெருக்கமானது. எழுத்து ஒப்பந்தத்தின்படி முதலாளியின் செலவில் தொலைவிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட வேலையாள், மூன்றாண்டுகளுக்கு மேற்படாத ஒப்பந்தக் காலத்துக்குள் தானாகவே விலகிச் சென்றால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது அச்செலவின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது இடமளித்தது. தொழிலாளிக்காகச் செய்த செலவு அவரைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டிவைக்கும் என்னும் கருத்து இங்குத் தெளிவாக உருப்பெறுகிறது. அன்று வழிச்செலவு இருந்த இடத்தில் இன்று பயிற்சிச் செலவு இருக்கிறது. எனினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. 492ஆம் பிரிவின் அபராதம் உண்மையில் ஏற்பட்ட செலவை அளவுகோலாகக் கொண்டிருந்தது. இன்றைய பணிப்பிணை பலவற்றில் அத்தகைய அளவுகோல் ஏதுமில்லை.

1859ஆம் ஆண்டுச் சட்டமும் தண்டனைச் சட்டத்தின் 490, 492ஆம் பிரிவுகளும் 1925இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தால் முடிவுக்கு வந்தன.

இலங்கைத் தோட்டங்களில் துண்டு முறை

தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் வரலாற்றில் இதற்கு இணையான ஏற்பாடு ஒன்று இருந்தது. கங்காணிவழி ஆள் சேர்ப்பில் வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளர்மேல் கடனாக ஏறின. அவர்கள் வேறு தோட்டத்துக்கு மாறவேண்டுமாயின் பழைய தோட்டத்துரை 'துண்டு' என்னும் சீட்டு வழங்க வேண்டும். குறிப்பிட்ட கடன்தொகை செலுத்தப்பட்டால் ஆட்களை விடுவிப்பதாக அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடனோ தொழிலாளருடனேயே செல்லும். 1921இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

துண்டுச் சீட்டையும் இன்றைய பணிவிடுப்புக் கடிதத்தையும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். இன்றைய பணியாளர் சிறைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவருடைய ஊதியமும் வாழ்நிலையும் வேறு. ஆயினும் ஒரு தாளை நிறுத்திவைத்து அடுத்த வேலையின் வாயிலை அடைக்கும் முறையில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

ஒப்பந்தச் சட்டமும் பயிலுநர் சட்டமும்

தண்டனை முறை நீங்கியபின் இக்கோரிக்கைக்குரிய களம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமாயிற்று. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பினும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெறமுடியும் என்கிறது 74ஆம் பிரிவு. எனவே பிணையில் எழுதப்பட்ட தொகை உச்சவரம்பாகுமே தவிர, தானாகவே தீர்ப்புத்தொகை ஆகிவிடாது. எனினும் 'உண்மை இழப்பு மெய்ப்பிக்கப்பட்டாலும் படாவிட்டாலும்' என அப்பிரிவில் உள்ள தொடரே பிற்காலக் கருத்துவேறுபாடுகளுக்கு வித்திட்டது.

1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டது. பயிலுநரின் தவறால் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தால் பயிற்சிச் செலவை முதலாளிக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதை அதன் 7ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அத்தொகையை நிர்ணயிப்பவர் பயிலுநர் ஆலோசகர் என்னும் அரசு அலுவலர். முதலாளி தவறினால் அவரும் பயிலுநருக்கு இழப்பீடு தரவேண்டும். கடமை இருபுறமும் அமைய, தொகை மூன்றாம் தரப்பால் அளக்கப்படும் இவ்வேற்பாடு தனியார் பணிப்பிணையில் இடம்பெறவில்லை.

நீதிமன்றங்களின் பார்வை

1963இல் பதேசந்த் வழக்கில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, 74ஆம் பிரிவின்கீழ் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றமே நிர்ணயிக்கும் என்றது. 1967ஆம் ஆண்டின் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு பயிற்சி பெற்ற பணியாளர் தொடர்பானது. டயர் நூல் தயாரிப்பில் வெளிநாட்டுக் கூட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கற்ற மேற்பார்வையாளர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் இடையிலேயே போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவருக்கு விதிக்கப்பட்ட தடையை உச்சநீதிமன்றம் ஏற்றது. பணிக்காலத்துக்குள் அடங்கும் கட்டுப்பாடு பொதுவாகத் தொழில்தடை ஆகாது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

சென்னை உயர்நீதிமன்றம் 1996இல் தோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் முதலாளிக்குச் சார்பான நிலையை எடுத்தது. நிறுவனத்தின் செலவில் சிறப்புப் பயிற்சியோ சலுகையோ பெற்றவர் உறுதிமொழியை மீறினால், அம்மீறலே சட்டப்படியான பாதிப்பாகும் என்பது அதன் சாரம். இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் 'சிறப்புப் பயிற்சி' என்னும் முன்நிபந்தனையை விட்டுவிடலாகாது. பணியில் சேரும் எவருக்கும் தரப்படும் அறிமுக வகுப்பை அவ்வரையறைக்குள் அடக்குதல் அரிது.

2011இல் தில்லி உயர்நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்று அளவிடும் முறைக்குச் சான்றாகிறது. மூன்றாண்டுப் பிணையில் குறிக்கப்பட்ட தொகை 2 லட்சம் ரூபாய். நிறுவனம் காட்டிய செலவோ 67,595 ரூபாய். பணியாளர் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். ஆகவே எஞ்சிய ஓராண்டுக்குரிய மூன்றில் ஒரு பங்கான 22,532 ரூபாயே நியாயமான இழப்பீடாகக் கொள்ளப்பட்டது. எழுதப்பட்ட தொகையில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு.

2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 74ஆம் பிரிவின் சிக்கலான தொடருக்கு விளக்கம் தந்தது. இழப்பு ஏற்பட்டிருத்தல் இழப்பீட்டுக்கு இன்றியமையாதது. இழப்பை மெய்ப்பிக்க இயலும் இடத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு நீங்குவதில்லை. அவ்வழக்கு நில ஏலம் பற்றியதாயினும் அதன் தருக்கம் இங்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பயிற்சிக் கட்டணம், பயணச் செலவு, பயிற்றுநர் ஊதியம் ஆகியன இரசீதுகளாலும் கணக்கேடுகளாலும் காட்டத்தக்கவை. மெய்ப்பிக்க எளிதான ஒன்றை மெய்ப்பிக்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்றாண்டுப் பணிக்கால நிபந்தனையையும் 2 லட்சம் ரூபாய்த் தொகையையும் செல்லும் என்றது. இத்தீர்ப்பு எல்லாப் பிணைகளையும் ஏற்றுக்கொண்டதாகப் பரவலாகக் கருதப்பட இடமுண்டு. ஆயினும் அதன் காரணங்கள் நுணுகி நோக்கத்தக்கவை. பொதுத்துறை வங்கி வெளிப்படையான தேர்வுமுறையைப் பின்பற்ற வேண்டியிருப்பதால் இடையில் விலகுவோரால் செலவும் காலமும் வீணாகின்றன என்பதும், முதுநிலை மேலாளரின் ஊதியத்தை நோக்க அத்தொகை மிகையன்று என்பதும் முதன்மைக் காரணங்கள். நிறுவனமே வகுத்துவைக்கும் ஒப்பந்தங்களில் இருதரப்பின் பேரவலிமை சமமன்று என்பதையும், கட்டுப்பாடு பொதுக்கொள்கைக்கு முரணன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பதையும் அதே தீர்ப்பு எடுத்துரைக்கிறது.

கோரிக்கையை மறுக்கும் நிலைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கோரிக்கையைச் சோதிக்கும் நான்கு வினாக்களைத் தொகுக்கலாம். முதலாவது, அளிக்கப்பட்டது சிறப்புப் பயிற்சியா, அன்றாட வேலையின் பகுதியா? இரண்டாவது, செலவுக்குக் கணக்கு உண்டா? மூன்றாவது, பணியாற்றிய காலத்துக்குரிய பங்கு கழிக்கப்பட்டதா? நான்காவது, தொகை பணியாளரின் ஊதியத்தோடு ஒப்பிடத்தக்கதா, விலகவொட்டாமல் அச்சுறுத்தும் அளவினதா? இவற்றுக்கு விடை கேட்டு எழுத்துவழி மறுப்பு அனுப்புதல், ஒப்பந்தத்தை மறுப்பதாகாது. 74ஆம் பிரிவு வேண்டும் அளவையைக் கேட்பதேயாகும்.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. பெரும்பொருள் செலவிட்டு ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்றுவித்த மறுமாதமே அவர் விலகினால் ஏற்படும் இழப்பு மெய்யானது. பயிற்சிக்கு ஈடு கிடைக்காது எனின் பயிற்சியளிப்பதே குறையக்கூடும். மேற்கூறிய நான்கு வினாக்களும் இத்தகைய நிறுவனத்தைப் பாதிப்பதில்லை. அதனிடம் கணக்கு இருக்கும்.

முடிவுரை

1859இல் முன்பணமாகவும், 1860இல் வழிச்செலவாகவும், இன்று பயிற்சிச் செலவாகவும் இக்கோரிக்கை தோன்றுகிறது. சிறைத்தண்டனை நீங்கியது பெருமாற்றம். ஆனால் செலவை அளப்பவர் யார் என்பதில் வளர்ச்சி சீராக இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பயிலுநருக்கு அளித்த மூன்றாம் தரப்பு நிர்ணயம், பட்டம் பெற்றுப் பணியில் சேரும் இளைஞருக்கு இன்றும் கிட்டவில்லை. அதைப் பெற அவர் நீதிமன்றத்தை நாட வேண்டியுள்ளது. வழக்குச் செலவுக்கு அஞ்சிப் பணம் கட்டியவர்களின் கோரிக்கைகள் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே தீர்ப்புகளை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதப்படும் இவ்வரலாறு முழுமையற்றது. பணியாளர்களின் வாய்மொழிச் சான்றுகளும் அறிவிப்புக் கடிதங்களும் தொகுக்கப்படுதல் இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய ஆய்வாகும்.