ஆறு இந்தப் பக்கம், மதகு அந்தக் கையில்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் நீரும் மின்சாரமும்

குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலைப்பாதையில் இறங்கும்போது நான்கு ராட்சத இரும்புக் குழாய்கள் கண்ணில் படும். தேக்கடி ஏரியின் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, அந்தக் குழாய்களில் செங்குத்தாகச் சரிந்து, லோயர் கேம்ப் மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு வைகைப் படுகைக்குப் போகிறது. மழை பிடிக்கும் காடு கேரளத்தில் இருக்கிறது, அணையும் அங்கேதான். தண்ணீரும் மின்சாரமும் தமிழ்நாட்டுக்கு. இந்த விநோதமான ஏற்பாடு உருவாக எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய பருவநிலைச் சிக்கலை இந்த எல்லைப் பகுதியில் புரிந்துகொள்ள முடியாது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் கையெழுத்தான பெரியாறு குத்தகையில் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். தேக்கடி ஏரியை உருவாக்கிய, பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. வறண்டு கிடந்த மதுரைச் சீமையின் பாசனமே நோக்கம். நீர்மின்சாரம் அப்போது நோக்கத்தில் இல்லை. பின்னாளில் சென்னை மாகாணம் அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்க விரும்பியபோது திருவிதாங்கூர் மறுத்தது. வழக்கு நடுவரிடம் போனது. குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்று 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி தீர்ப்பளித்தார். அப்போது திருவிதாங்கூரின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஒரு தமிழர். எல்லைச் சண்டைகளை மொழிச் சண்டைகளாக மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

திருவிதாங்கூர் அதற்குள் சொந்த வழியைக் கண்டுபிடித்திருந்தது. மூணாறு பகுதியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக கண்ணன் தேவன் கம்பெனி முன்பே சிறிய அளவில் நீர்மின்சாரம் எடுத்திருந்தது. அரசின் பள்ளிவாசல் திட்டம் 1940இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் அரசு நீர்மின் திட்டம் அதுதான். அந்த மின்சாரம் மலையில் தங்கவில்லை. ஆலுவாப் பக்கம் அலுமினியம், உரம் என்று ஆலைகள் எழுந்தது அதை நம்பித்தான். 1976இல் குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே பயன்பாட்டுக்கு வந்த இடுக்கி வளைவு அணையும், மூலமற்றத்தின் நிலத்தடி மின் நிலையமும் இதே பாதையின் பெரிய வடிவம். அந்த நிலையத்தின் திறன் 780 மெகாவாட்.

1970 மே 29 இந்த வரலாற்றின் திருப்பம். ஒரே நாளில் இடுக்கி எல்லைக்கும் பாலக்காடு எல்லைக்கும் ஒப்பந்தங்கள் ஆயின. பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் உரிமை அன்றுதான் தமிழ்நாட்டுக்கு முறைப்படி எழுத்தில் வந்தது; மின் நிலையமோ 1950களின் இறுதியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது. மின்சாரத்துக்குக் கட்டணம் 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய், அதற்கு மேல் 18. ஒரு கிலோவாட் ஆண்டு என்றால் 8,760 யூனிட். விலைவாசி ஏறும் என்பதையே மறந்து போட்ட கணக்கு இது.

மற்றது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கின்றன, இயக்குவது தமிழ்நாடு. கேரளத்திலிருந்து பரம்பிக்குளத்துக்கு காரில் போக வேண்டுமென்றாலே சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தத் தண்ணீர் சர்க்கார்பதி மின் நிலையத்தைக் கடந்து, காண்டூர் கால்வாயில் ஏறி, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. பதிலுக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும்.

அந்த 7.25 டி.எம்.சி.யை எதிர்பார்த்துக் கிடப்பது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று கிழக்கே போகப் போக மழை குறையும், போர்வெல் ஆழம் கூடும், தமிழ்ப் பேச்சும் கூடும். பிளாச்சிமடை இதே வட்டாரத்தில்தான். அங்கே 2000இல் வந்த கோக்க கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. இரண்டு மாநிலங்களும் டி.எம்.சி. கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, நிலத்தடி நீரைப் பற்றிப் பேசியவர்கள் கிணற்று நீர் கெட்டுப்போன குடும்பங்கள்.

பஞ்சாயத்தால் தடுக்க மட்டும்தான் முடியுமா, தண்ணீரை ஆளவும் முடியுமா? கல்லடிக்கோடு மலையடிவாரத்தில் மீன்வல்லம் அதற்கு ஒரு பதில். அருவித் தண்ணீரில் 3 மெகாவாட் எடுக்கும் அந்த நிலையம் பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்தின் கம்பெனிக்குச் சொந்தம். 2014 முதல் இயங்கும் அது மின்சாரத்தை மாநில மின்வாரியத்துக்கு விற்கிறது. இடுக்கியின் 780க்கு முன்னால் 3 என்பது சொற்பம்தான். ஆனால் உரிமையாளர் யார் என்பதில் இது பெரிய மாற்றம்.

காற்று இன்னொரு கதை. பாலக்காட்டுக் கணவாயில் கஞ்சிக்கோட்டிலும், கம்பம் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றுக்கு 999 ஆண்டுக் குத்தகை எதுவும் தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவத்தில் காற்று பலமாக வீசும்போது அதை முழுதும் பயன்படுத்தினால், அணைத் தண்ணீரைக் கோடைக்குச் சேர்த்து வைக்கலாம்.

அப்படிச் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டர்கள் திறக்கப்பட்டன. பெரியாற்றின் கரையிலுள்ள ஆலுவா நகரில் வெள்ளம் புகுந்தது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டர் சங்கிலி அறுந்து உடைய, நீர் கட்டுப்பாடின்றி வெளியேறியது. 2024 மே மாதம் நேர்மாறு: அனல் காற்றில் கேரளத்தின் ஒரு நாள் மின் பயன்பாடு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது, இரவு நேரக் கட்டுப்பாடுகள் பாலக்காட்டுப் பக்கம்தான் முதலில் வந்தன.

வெள்ளமும் வெக்கையும் இப்படி மாறிமாறி வரும் காலத்துக்கு 1970இன் எண்கள் பொருந்தாது. பரம்பிக்குளம் ஒப்பந்தத்தை 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1958 முதல் நடைமுறை என்பதால் அந்தத் தவணை 1988இலேயே வந்துவிட்டது. அதற்காக இரு முதல்வர்கள் உட்கார்ந்து பேசிக் குழு அமைக்க 2019 செப்டம்பர் வரை ஆனது. மறுஆய்வு எப்போது நடந்தாலும், ஆண்டு மொத்தத்தோடு மாதவாரியான நீர்விடுப்பும், அணைப் பாதுகாப்புத் தகவலை உடனுக்குடன் பகிரும் ஏற்பாடும் அதில் இடம்பெற வேண்டும். சித்தூரின் கிழக்குப் பஞ்சாயத்துகளையும் கம்பத்து விவசாயிகளையும் வெளியே நிறுத்திவிட்டு எழுதும் எந்த ஒப்பந்தமும் பழைய கணக்கின் நகலாகத்தான் இருக்கும்.