தாளில் இல்லாதவர்கள்: ஆம்ஸ்டர்டாம், 1992

விமான விபத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாறுதான். எது முறிந்தது, எப்போது முறிந்தது என்பார்கள். யார் தலையில் விழுந்தது என்ற கேள்வி பிற்பாடுதான் வரும், வந்தால். 1992 அக்டோபர் 4, ஞாயிறு மாலை ஆம்ஸ்டர்டாமில் நடந்ததை நான் அந்தப் பிந்திய கேள்வியிலிருந்து வாசிக்க விரும்புகிறேன்.

டெல் அவீவ் போகவேண்டிய எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஸ்கிபோலிலிருந்து 6.22க்குக் கிளம்பிற்று. ஐந்தாறு நிமிஷத்தில் வலது இறக்கையின் உட்புற எஞ்சின் பிய்த்துக்கொண்டு போய், வெளிப்புற எஞ்சினையும் இடித்துத் தள்ளியது. எஞ்சினை இறக்கையோடு பிணைக்கும் பின் உலோகச் சோர்வால் முறிந்திருந்தது. சுமை மீறினால் முறியட்டும், எஞ்சின் போனாலும் இறக்கை பிழைக்கட்டும் என்றே வடிவமைக்கப்பட்ட பின் அது! 1991 டிசம்பரில் தைவானில் இதே ரக விமானம் இதேபோல் விழுந்து பத்து மாசம்கூட ஆகியிருக்கவில்லை.

எஞ்சின்களை இழந்துவிட்டோம் என்றார் விமானி. எஞ்சின் ஓடவில்லை என்று தரையிலிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொழில் வழக்கில் அச்சொல்லுக்கு அதுதான் அர்த்தம். இறக்கையில் எஞ்சினே இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. வேகமாகப் பறந்தவரை சிதைந்த இறக்கை தாங்கிற்று. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்ததும் விமானம் கைமீறிப் போய் பெய்ல்மர்மேர் அடுக்குமாடிகளில் மோதியது.

நவீன நகரக் கனவாக 1960களின் இறுதியில் நடுத்தர வர்க்க டச்சுக்காரர்களுக்கென்று தேன்கூடு வடிவில் கட்டத் தொடங்கிய குடியிருப்பு இது. அவர்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. 1975இல் சூரினாம் விடுதலை பெற்றதையொட்டி அங்கிருந்து வந்தவர்கள், கானாக்காரர்கள், ஆண்டிலிஸ் தீவுக்காரர்கள் என்று காலனியத்தின் மிச்சக் கணக்கெல்லாம் இங்கே வந்து குடியேறிற்று. பலரிடம் குடியுரிமைத் தாள் கிடையாது.

முதலில் 200க்கும் மேல் இறந்திருக்கலாம் என்று அஞ்சினார்கள். இறுதிக் கணக்கு 43. விமானத்தில் 4 பேர், தரையில் 39. கணக்கு சரியாகவே இருக்கலாம், நான் மறுக்க வரவில்லை. ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒருவர் காணாமல் போனார் என்று யார் போய்ச் சொல்வது? சொல்பவருக்கும் தாள் இல்லையே. அங்கே வசித்ததை நிரூபித்தால் தங்க அனுமதி என்று அரசு அறிவித்ததும் ஏராளமானோர் வரிசையில் வந்து நின்றார்கள். கிடைத்தது மிகச் சிலருக்கே. அந்த வரிசையை மோசடி என்று பார்த்தவர்கள் உண்டு; எனக்கென்னமோ அதுதான் அந்தப் பேட்டையின் உண்மையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று படுகிறது.

சரக்குக்கோ தாள் இருந்தது. இருந்தும், சாரின் நச்சுவாயு செய்ய உதவும் டிஎம்எம்பி என்ற ரசாயனம் அதில் போயிற்று என்பது 1998இல்தான், அதுவும் பத்திரிகை வழியாக, வெளியே வந்தது. எடைச்சமனுக்கு வைத்திருந்த யுரேனியத்தில் ஒரு பகுதி கிடைக்கவேயில்லை. உடம்பு சரியில்லை என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த குடியிருப்பாளர்களும் மீட்புப் பணியாளர்களும் நாடாளுமன்ற விசாரணைக்கு 1999 வரை காத்திருந்தார்கள்.

விமானி அறையின் குரல்பதிவுக் கருவி கிடைக்காமலே போய்விட்டது. விழுந்த இடத்தில் எரியாமல் தப்பிய ஒரு மரத்தை அங்குள்ளவர்கள் நினைவிடமாக்கிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பார்த்த மரம் என்று அதற்குப் பெயர்.