மிளகுத் தரகரும் பிரிவு 195-ம்

கொச்சியில் வங்கி உத்தியோகம் பார்க்கிறவன் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சார், ஊர்ல தம்பி சின்னதா ஒரு கம்பெனி வச்சிருக்கான். வெளிநாட்டு ஆள் ஒருத்தர் வேலை செஞ்சு குடுத்திருக்கார். அவருக்குப் பணம் அனுப்பும்போது வரி பிடிக்கணுமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை மட்டாஞ்சேரி மிளகு வியாபாரத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வெளிநாட்டுக்காரன்தான் உள்ளூர்த் தரகரைத் தேடி வந்தான். டச்சுக் கம்பெனிக்கு இங்கே வணிகம் பார்த்துக் கொடுத்தவர் எசக்கியேல் ரஹபி. 1771-ல் காலமான அந்த யூத வணிகர் பெயரை, யூதத் தெரு ஜெபாலயத்து மணிக்கூண்டைப் பற்றிப் பேசும்போது இன்றும் சொல்வார்கள். பிற்பாடு கதை தலைகீழானது. மட்டாஞ்சேரி ஏற்றுமதியாளர் மிளகும் சுக்கும் ஏலமும் விற்க, நியூயார்க்கிலோ ராட்டர்டாமிலோ ஒரு தரகரை வைத்துக்கொண்டார். ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் அவருக்கு கமிஷன். அவர் சம்பள ஆள் இல்லை, தனி ஆள். இந்தியாவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவராகக்கூட இருக்கலாம்.

அவருடைய கமிஷனுக்கு இந்தியாவில் வரி உண்டா?

வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பணம் கொடுக்கிறவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, 1922-ம் ஆண்டுச் சட்டத்தின் 18-ம் பிரிவிலேயே உண்டு. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 195-ம் பிரிவு. காரணம் சுலபம். அயல்நாட்டில் இருப்பவரை நம் அதிகாரி போய்ப் பிடிக்க முடியாது. பணம் அனுப்பும் ஏற்றுமதியாளரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

1969 ஜூலை 23-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் 23-ம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. தன் நாட்டிலேயே இருந்து வேலை செய்யும் தரகரின் வருமானம் இந்தியாவில் எழவில்லை, கமிஷனும் நேரே அவருக்கே போகிறது, ஆகவே இங்கே வரி இல்லை என்பது அதன் சாரம். நாற்பது வருஷம் ஏற்றுமதியாளர்களுக்கு இதுதான் குடை. நடுவில் தணிக்கையில் ஆட்சேபம் கிளம்பியபோது, 2000 பிப்ரவரி 7-ல் 786-ம் எண் சுற்றறிக்கை அதையே மறுபடி உறுதி செய்தது.

2009-ல் நிலைமை மாறியது. ஜூலை 1 முதல், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 15சிஏ, 15சிபி படிவங்கள் வந்தன. முன்னது அனுப்புகிறவரின் உறுதிமொழி, பின்னது ஆடிட்டரின் சான்று. அக்டோபர் 22-ல் 7-ம் எண் சுற்றறிக்கை வந்து, 1969, 2000 இரண்டையும் வாபஸ் வாங்கியது. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் குடை போய்விட்டது!

இதில் அடி யாருக்கு? தரகருக்கு இல்லை, ஏற்றுமதியாளருக்கு. ஒரு கோடி ரூபாய் சரக்குக்கு 2 சதவீதம் கமிஷன் என்றால் 2 லட்சம். வரி பிடித்திருக்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தால், பிடிக்காத வரியையும் வட்டியையும் இவர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். 40-ம் பிரிவின்படி அந்த 2 லட்சம் செலவாகவும் ஏற்கப்படாது. லாபத்தோடு சேர்த்து, 30 சதவீத விகிதத்தில் இன்னொரு 60,000 ரூபாய் வரி.

நல்லவேளையாக 2010 செப்டம்பரில் ஜி.இ. இந்தியா டெக்னாலஜி சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அனுப்பும் தொகை இந்தியாவில் வரிக்கு உரியதாக இருந்தால்தான் பிடித்தம். 2014-ல் ஃபைசான் ஷூஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், தோல் பொருள் ஏற்றுமதிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்த வெளிநாட்டு முகவரின் கமிஷன் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் ஆகாது என்றது.

அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 1976-ல் வந்த திருத்தத்தின்படி, தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்றால் வேலை எங்கே நடந்தது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. கொடுப்பவர் இந்தியாவில் இருந்தாலே பெரும்பாலும் வரி வந்துவிடும். அதன் விகிதம் 2023-ல் 10-லிருந்து 20 சதவீதமானது. அமெரிக்காவில் கணக்கு வேறு. கோவையில் உட்கார்ந்து முழு வேலையும் முடிக்கும் ஃப்ரீலான்சரிடம் அங்குள்ள கம்பெனி டபிள்யூ-8 பி.இ.என். படிவம் வாங்கி வைத்துக்கொள்ளும். 30 சதவீதப் பிடித்தம் கிடையாது.

ஆகவே தம்பி கம்பெனிக்காரரே, முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆள் செய்தது என்ன வேலை என்று. ஆர்டர் பிடித்துக் கொடுத்தாரா, இன்ஜினியரிங் டிசைன் போட்டுக் கொடுத்தாரா? இரண்டாவது என்றால் இரட்டை வரி ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். அதன் சலுகை வேண்டுமானால் அவர் நாட்டு வரித்துறை கொடுக்கும் வசிப்பிடச் சான்று கட்டாயம். இது 2012 நிதிச் சட்டம் கொண்டு வந்தது. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில், 2026 ஏப்ரல் 1 முதல், இந்த விதி 393-ம் பிரிவுக்குள் இருக்கிறது. எண்தான் மாறியது, பொறுப்பு இன்னமும் பணம் அனுப்புகிறவர் தலையில்தான்.

ஒப்பந்தம், பில், வேலை நடந்த இடத்துக்கான கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் பணம் அனுப்பும் முன்பே ஃபைலில் போட்டுவிடுங்கள். நோட்டீஸ் சில வருஷம் கழித்துத்தான் வரும். அப்போது அந்தத் தரகர் போனை எடுப்பார் என்பது நிச்சயமில்லை.